என் முன்பல்லில் வைத்த வெள்ளி

எனக்கு மைனியைப் பிடித்த அளவுக்கு என் சொந்த அண்ணனைக்கூடப் பிடித்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அன்னியர் ஒருவர் இதைச் செய்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு என் வேலையைப் பார்க்கப் போயிருப்பேன். இத்தனை வருஷம் ஆகியும் கண்ணாடி முன்னால் நிற்கும்போது வயிறு எரிகிறதென்றால், அது பல்லுக்காக அல்ல.

அண்ணன் மஸ்கட்டில் இருந்தான். லீவில் வந்து கல்யாணம் முடித்து, லீவு முடிந்ததும் போய்விட்டான். வீட்டில் அம்மா, நான், அண்ணன் மனைவியாகப் புதிதாக வந்த மைனி. அப்பா அதற்கு முன்பே காலமாகியிருந்தார். மைனி பல் டாக்டர். தக்கலையில் ஒரு கிளினிக்கில் உதவி டாக்டராகப் போய்வந்துகொண்டிருந்தாள். நான் நாகர்கோவில் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கெமிஸ்ட்ரி டீச்சர். இரண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. அவளுக்கு ஊர் மார்த்தாண்டத்துக்கும் மேற்கே. பேச்சு பாட்டு மாதிரி இழுத்துக்கொண்டு வரும். அவள் பேசுவதைக் கேட்கவே நான் பள்ளிக்கூடம் விட்டதும் வடசேரியில் முதல் பஸ்ஸைப் பிடித்து ஓடிவருவேன். அம்மா சொல்வாள், "ரெண்டுபேரும் சேந்தா அடுப்புல பால் பொங்குனாலும் தெரியாது."

மைனிக்கு மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது. வேர் சிகிச்சைப் பிரிவு. அம்மாவுக்கு அது அறவே பிடிக்கவில்லை.

"கெட்டி எத்தன வருசமாச்சு? ஒரு பிள்ளையப் பெத்துக்கிட்டுப் படிச்சா ஆகாதா?"

"அண்ணன் வருசத்துக்கு ஒருக்கா ஒரு மாசம் வாறான். பிள்ளை என்ன போன்லயா பிறக்கும்?" என்று நான் கேட்டேன்.

அம்மா அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை. நானும் விடவில்லை. அண்ணனுக்குப் போன் போட்டு, சண்டை பிடித்து, கடைசியில் காலை அடுப்படி வேலை முழுவதையும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று ஒப்புக்கொண்டு மைனியைக் கல்லூரிக்கு அனுப்பிவைத்தேன். முதல் நாள் அவளுக்குப் புட்டும் பயறும் கட்டிக்கொடுத்து பஸ் ஸ்டாப் வரைக்கும் போனேன். பஸ் ஏறும்போது அவள் என் கன்னத்தைக் கிள்ளி, "நீ மட்டும் இல்லேன்னா மக்கா" என்றாள். வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்க வேண்டியிருக்கவும் இல்லை.

மேற்படிப்பு என்றால் ஓர் ஆராய்ச்சி செய்தாக வேண்டும். ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் அவள் 'நானோ' என்ற வார்த்தையைக் கொண்டுவந்து வைத்தாள். அந்தக் காலத்தில் எங்களுக்கு நானோ என்றால் ரோட்டில் ஓடிய சின்னக் கார்தான். அம்மா, "அதுக்கும் பல்லுக்கும் என்னட்டி சம்பந்தம்?" என்று கேட்டாள்.

வேர் சிகிச்சையில் பல்லுக்குள்ளே இருக்கிற செத்த நரம்பை எடுத்துச் சுத்தம் பண்ணினால் மட்டும் போதாது. கிருமி சாக உள்ளே ஒரு மருந்தை அடைத்து, மேலே தற்காலிகமாக மூடி, கொஞ்ச நாள் விட்டுவைக்க வேண்டும். வழக்கமாக அடைப்பது சுண்ணாம்பு. கால்சியம் ஹைட்ராக்சைடு என்று நான் பிள்ளைகளுக்கு நடத்துகிற அதே சுண்ணாம்பு. ஆனால் அதற்கும் சாகாத ஒரு பிடிவாதக் கிருமி உண்டாம். பல்லின் சுவருக்குள் கண்ணுக்குத் தெரியாத குழாய்கள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. அதற்குள் போய் ஒளிந்துகொள்ளும். மைனி இடியாப்ப அச்சை எடுத்து வந்து காட்டினாள்.

"இந்த ஓட்டைக்குள்ள சுண்ணாம்புக் கட்டி போவுமா? போவாது. வெள்ளிய அணு அளவுக்குப் பொடிச்சா, தண்ணி மாதிரி உள்ள போயி அதுகள அங்கயே கொல்லும். அதான் எனக்க ஆராய்ச்சி."

அந்த இடியாப்ப அச்சு விளக்கம் எனக்கு அவ்வளவு பிடித்துப்போய், மறுநாளே வகுப்பில் சொன்னேன்.

அந்த வெள்ளித்துகளை உண்டாக்க இலைச்சாறு போதும் என்று ஒரு வழிமுறை இருந்தது. சில்வர் நைட்ரேட் கரைசலில் இலை வேகவைத்த தண்ணீரை ஊற்றினால், இலையிலிருக்கிற சத்து வெள்ளியைப் பிரித்துத் துகளாக்கிவிடும். என்ன இலை வைப்பது என்று அவள் யோசித்தபோது, நான்தான் எங்கள் கிணற்றடிப் பேரைக்காய் மரத்தைக் காட்டினேன். கொய்யாவுக்கு எங்கள் பக்கம் அதுதான் பேர். வாய்ப்புண்ணுக்கு அந்த இலையை மெல்லாதவர்கள் எங்கள் ஊரில் யார்? இலையைப் பறித்ததும் நான்தான், கழுவியதும் நான்தான். சனிக்கிழமைகளில் அவளோடு கல்லூரிக்கும் போவேன். வெளுத்த கரைசல் மெல்ல மெல்லத் தேநீர் நிறமாக மாறுவதை இரண்டு பேரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்ப்போம். "உண்டாகிட்டு, உண்டாகிட்டு" என்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு குதிப்பாள். எனக்கும் என்னமோ நானே டாக்டருக்குப் படிப்பதுபோல ஒரு பெருமை.

மருந்தைச் சோதித்துப் பார்க்கப் பிடுங்கிய பற்கள் வேண்டும். ஊர் ஊராகக் கிளினிக்குகளில் சொல்லிவைத்து வாங்கிவருவாள். ஒரு முறை அப்படி ஒரு பாட்டில் பல்லை அவசரத்தில் அடுக்களை அலமாரியில், உப்பு மாங்காய் ஊறுகிற பரணி ஜாடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். அம்மா போட்ட கூச்சலில் அக்கம்பக்கம் கூடிவிட்டது.

"செத்தவங்களுக்க பல்லா பிள்ளே இது?"

"இல்ல மாமி, உயிரோட இருக்கவங்க பறிச்சுப் போட்டது."

"அப்பம் அவங்களுக்கு நிச்சயமா வேண்டாமா?"

இதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் மாதக்கணக்கில் சிரித்தோம்.

அந்தக் கல்லூரி அவளுக்குக் கொடுத்த அனுமதி பிடுங்கிய பற்களுக்கு மட்டும்தான். அதை அப்போதே அவள் சொல்லியிருக்கிறாள். உயிருள்ள ஒருவர் வாயில் வைக்க வேண்டுமென்றால் அதற்கு வேறு ஒரு குழுவிடம் போக வேண்டும், காத்திருக்க வேண்டும், நோயாளியிடம் எல்லாவற்றையும் விளக்கிக் கையெழுத்து வாங்க வேண்டும். "பறிச்ச பல்லு என்ன பதில் சொல்லும்? நீரு வடியிது நின்னுதுன்னு சொல்லுமா, வேதனை போச்சுன்னு சொல்லுமா?" என்று அவள் அலுத்துக்கொண்டதும் எனக்கு நினைவிருக்கிறது. நான் ஆமாம் ஆமாம் என்றேன். அந்த அலுப்பு எங்கே வந்து முடியும் என்று எனக்கு அப்போது தெரியாது.

இனி என் பல்லுக்கு வருகிறேன். இரண்டாயிரத்து நாலில் நான் கல்லூரி மாணவி. ஒரு நாள் வடசேரியிலிருந்து வருகிற பஸ்ஸில், டிரைவர் போட்ட பிரேக்கில் முன் சீட்டுக் கம்பி என் வாயில் இடித்தது. உதடு வீங்கி வடிந்துவிட்டது. மேல்வரிசை முன்பல் ஒன்று கொஞ்சம் ஆடிப் பிறகு நின்றுவிட்டது. நான் அதை மறந்தே போனேன். பல வருஷம் கழித்து, மைனி படிப்பின் இரண்டாம் வருஷத்தில் இருந்தபோது, அந்தப் பல்லுக்கு மேலே ஈறில் கொப்புளம் வந்து சீழ் வைத்தது. அவள் என் உதட்டைத் தூக்கிப் பார்த்தாள்.

"பல்லு உள்ளுக்குள்ள எப்பமோ செத்துபோச்சு மக்கா. பேடிக்காத. நான் இருக்கேன்லா."

பயப்படாதே என்று அவள் அந்த மேற்கத்திப் பேச்சில் சொன்னால் எனக்கு நிஜமாகவே பயம் போய்விடும். அடுத்த சனிக்கிழமை அவள் கல்லூரி நாற்காலியில் படுத்தேன். பக்கத்து நாற்காலியில் யாரோ ஒரு மீன்காரம்மா படுத்திருந்தார். அவருக்கு ஒரு மாணவன், இப்போது ஊசி போடுகிறோம், இப்போது மருந்து வைக்கிறோம், இது இன்ன மருந்து, இதனால் இன்னது வரலாம், சம்மதமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தான். அந்தம்மா, "ஏலே, பல்லப் பாருலே, கத சொல்லாத" என்று அதட்டினார். எனக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு அந்தக் கதையெல்லாம் வேண்டியிருக்கவில்லை. எனக்கு மைனி இருந்தாள்.

வீட்டில் ஒரு டாக்டர் இருந்துவிட்டால் எங்கள் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. என்ன மருந்து, எதற்கு என்று கேட்கக் கூடாது. கேட்டால், நம்ம பிள்ளை மேல் நம்பிக்கையில்லையா என்று வரும். அன்னிய டாக்டரிடம் ஆயிரம் கேள்வி கேட்கிற என் அம்மா, மைனி கொடுத்த மாத்திரையை நிறம்கூடப் பார்க்காமல் விழுங்குவாள். நானாவது ஒரு தடவை கேட்டேன். வாய் முழுக்க ரப்பர் விரிப்பை மாட்டியிருந்த நிலையில், "என்ன மைனி வைக்கிய?" என்று குழறினேன்.

"சுண்ணாம்புதான். உனக்குத் தெரியாத கெமிஸ்ட்ரியா?"

நான் அந்த ரப்பரோடேயே கால்சியம் ஹைட்ராக்சைடின் காரத்தன்மையைப் பற்றி என்னவோ உளறினேன். அவள் குலுங்கிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் எத்தனையோ தடவை திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்திருக்கிறேன். அதில் ஒரு துளிகூடக் கள்ளம் தெரியவில்லை. பொய் சொல்கிறவர்கள் தடுமாறுவார்கள், கண்ணைப் பார்க்கமாட்டார்கள் என்பதெல்லாம் நமக்கு நாமே சொல்லிக்கொள்கிற ஆறுதல்.

கொப்புளம் வற்றியது. சீழ் நின்றது. எக்ஸ்ரேயில் வேருக்கு அடியில் கறுப்பாகத் தெரிந்த குழி சுருங்கிக்கொண்டு வருவதை அவள் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நான் நன்றாகி வருகிறேன் என்று சந்தோஷப்படுகிறாள் என நினைத்து நெகிழ்ந்துபோனேன். அன்று மாலை அம்மா அவளுக்கு வாழைப்பழத்தில் பழம்பொரி சுட்டுக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகுதான் பல்லின் நிறம் மாற ஆரம்பித்தது. முதலில் ஈறு ஓரத்தில் புகை படிந்த மாதிரி. பிறகு அது கீழே இறங்கியது. சாம்பல் நிறம், அதில் லேசாக ஒரு நீலம். வகுப்பில் போர்டில் எழுதிவிட்டுத் திரும்பினால் பிள்ளைகளின் கண் என் வாயில் நிற்கும். "கரிப்பல்லு டீச்சர்" என்று பட்டப்பேர் வந்துவிட்டது. நான் நிறையச் சிரிக்கிறவள். கையை வாய்க்குக் குறுக்கே வைத்துக்கொண்டு சிரிக்கப் பழகினேன். பிறகு சிரிப்பதையே குறைத்துக்கொண்டேன்.

மைனியிடம் கேட்டேன். "செத்த பல்லு நிறம் மாறத்தான் செய்யும் மக்கா. நான் வெளுக்க வச்சித் தாறேன்" என்றாள். செத்த பல் நிறம் மாறும் என்பது உண்மைதான். வெளுக்க வைக்கிற மருந்தையும் உள்ளே வைத்துப் பார்த்தாள். சாம்பல் அசையவில்லை.

அந்த வருஷம் பள்ளியில் செய்முறைத் தேர்வு வந்தது. குளோரைடு இருக்கிறதா என்று பார்க்கச் சில்வர் நைட்ரேட் ஊற்றும் சோதனை. கையில் பட்டால் கறுத்துப்போகும், தொடாதே என்று வருஷா வருஷம் நான் கத்துவேன். வருஷா வருஷம் யாராவது ஒருத்தி தொடுவாள். அந்தத் தடவையும் ஒருத்தி தொட்டுவிட்டு, "டீச்சர், நேத்து ஒண்ணுமே இல்ல, இன்னைக்குப் பாருங்க" என்று விரலை நீட்டினாள். வெள்ளி உடனே கறுக்காது. வெளிச்சம் படப்படக் கறுக்கும். அவள் நகத்தின் ஓரத்தில் தோய்ந்திருந்த அந்த நிறத்தைப் பார்த்தேன். கறை மங்கிய இடத்தில் சாம்பல், அதில் லேசாக ஒரு நீலம்.

அவள் விரலை விடாமல் பிடித்துக்கொண்டேன். அந்தப் பிள்ளை பயந்துபோய், "டீச்சர், எனக்கு மார்க் குறையுமா?" என்று கேட்டது. ஸ்டாஃப் ரூம் கண்ணாடியில் போய் உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். பேரைக்காய் இலை நினைவுக்கு வந்தது. தேநீர் நிறக் கரைசல் நினைவுக்கு வந்தது. முழுதாகத் துகளாகாமல் மிச்சம் கிடக்கிற வெள்ளியைக் கழுவி எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று அவளுக்கு விளக்கியதே நான்தான். கடைவாய்ப் பல்லாக இருந்திருந்தால் அவ்வளவு வெளிச்சம் பட்டிருக்காது. ஒருவேளை எனக்கு ஆயுசுக்கும் தெரியாமலே போயிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வந்த பிறகு, கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்த மைனியிடம் போய் நேராகவே கேட்டேன்.

"மைனி, எனக்க பல்லுல வெள்ளியா வச்சிய?"

அவள் துணியைப் பிழிவதை நிறுத்தவில்லை. முழுதாகப் பிழிந்து, உதறி, கொடியில் போட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"சீழு நின்னுதா இல்லியா?"

"அதுவா நான் கேட்டது?"

"சுண்ணாம்புக்கு அது கேக்காது மக்கா. நீ எக்ஸ்ரே பாத்தல்லா? எவ்வளவு சீக்கிரம் ஆறிச்சு."

"பின்ன எதுக்கு எங்கிட்ட சுண்ணாம்புன்னு சொன்னிய?"

"சொன்னா நீ பேடிச்சிருப்ப."

"கேட்டிருந்தா சரின்னு சொல்லியிருப்பேன்!" நான் கத்தினேன். அதுதான் உண்மை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருப்பேன். "மீன்காரம்மாகிட்ட கேக்கிய. தெருவுல போறவங்ககிட்ட எல்லாம் கேக்கிய. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்க என்ன?"

அவள் நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள். "அவங்க எல்லாம் அன்னியம். கேக்காம செய்ய முடியுமா? நீ எனக்கவ இல்லியா?"

என்னவள் என்பதால் கேட்கவில்லையாம். ரோட்டில் போகிறவளுக்கு இருந்த மரியாதை எனக்கு இல்லாமல் போனதற்குக் காரணம் அன்புதான் என்று அவள் மனசார நம்பினாள். நான் அழுதேன். அவளும் அழுதாள். என் கையைப் பிடிக்க வந்தாள், நான் உதறினேன்.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா முழுவதையும் கேட்டாள். "பாவி மட்ட, பிள்ளைக்க முகத்தையே கெடுத்துட்டாளே" என்று முதலில் வயிற்றில் அடித்துக்கொண்டாள். எனக்கு அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஆனால் பொழுது சாய்வதற்குள் அம்மாவின் குரல் இறங்கிவிட்டது.

"வெளிய விடாத மக்களே. காலேஜுக்குத் தெரிஞ்சா அவளுக்க படிப்பு போவும். உனக்க அண்ணனுக்கவ. தான் ஆடாட்டாலும் தன் சதை ஆடும்பாவ. நீதானே அவளுக்காவ எங்கிட்ட சண்ட போட்ட?"

அண்ணன் போனில், "ஏட்டி, ஒரு பல்லுக்கா இந்தப் பாடு? மேல ஒரு உறை போட்டா தீந்துது" என்றான். மஸ்கட்டிலிருந்து பார்த்தால் என் பல் அவ்வளவு சின்னதாகத் தெரிந்திருக்கிறது.

நான் யாரிடமும் சொல்லவில்லை. மைனியோடு பேசுவதை நிறுத்தினேன். காலைச் சமையலை நிறுத்தவில்லை. கோபத்தில் புட்டு அவித்துக் கொடுப்பது எப்படி என்பதை அந்த நாட்களில் கற்றுக்கொண்டேன்.

விஷயத்தை வெளியே விட்டது மைனியேதான். ஆராய்ச்சி முடிகிற நேரம். பெருமை தாங்கமுடியாமல், என் பல்லின் இரண்டு எக்ஸ்ரேக்களையும் தன் துறைத் தலைவரிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறாள். ஆறுவதற்கு முன், ஆறிய பின். பாராட்டுவார் என்று நினைத்திருக்கிறாள். அவர், "பறித்த பல்லுக்குத்தானே அனுமதி? இது யாருடைய வாய்?" என்று கேட்டிருக்கிறார். நோயாளியை அழைத்துவரச் சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் மைனி அடுப்படியில் வந்து என் முன்னால் நின்றாள்.

"சாரு ஒண்ணே ஒண்ணுதான் கேப்பாரு. முன்னாடியே உங்கிட்ட சொல்லிட்டு வச்சேனான்னு. சொன்னேன்னு மட்டும் சொல்லு மக்கா. நீ இல்லேன்னு சொன்னா எனக்க மூணு வருசமும் போச்சு."

அம்மா கதவோரத்தில் நின்றிருந்தாள். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸில் போகும் வழியெல்லாம் எனக்குள் சண்டை. உள்ளதைச் சொல்லிவிட்டால் என்ன? என் பல், என் வாய். சொல்ல எனக்கு உரிமை உண்டு. ஆனால் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் படிப்புக்காக நான் போட்ட சண்டையெல்லாம் நினைவுக்கு வந்தது. கல்லூரி வாசலில் இறங்கும்போது முடிவு செய்துவிட்டேன். சொன்னாங்க, நான் சம்மதிச்சேன் என்று சொல்லிவிடுவது. அவளை மன்னித்தேன் என்று அர்த்தமில்லை. காப்பாற்றுவது வேறு, மன்னிப்பது வேறு. கிணற்றடிச் சண்டைக்குப் பிறகு முதல் தடவையாக நானே அவள் கையைப் பிடித்து அழுத்தினேன்.

துறைத் தலைவர் தலை நரைத்த, சாந்தமான மனிதர். எல்லை தாண்டித் திருவனந்தபுரத்திலிருந்து வருகிறவர்; அவருடைய தமிழிலும் அந்த இழுப்பு இருந்தது. என்னை உட்காரச் சொன்னார். உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்தார். "கஷ்டம்" என்று, ஐயோ பாவம் என்கிற குரலில், முணுமுணுத்தார். அந்த ஒரு வார்த்தையில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மாவின் குரல் இறங்கிய பிறகு யாரும் எனக்காக அப்படிச் சொல்லியிருக்கவில்லை.

"டீச்சர், ஒரு காரியம் கேட்கட்டுமா? இந்த மருந்து வைக்கறதுக்கு முன்னாடி..."

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் மைனி பேசிவிட்டாள்.

"சார், எல்லாம் இவ நிர்ப்பந்தம்தான் சார். இவ கெமிஸ்ட்ரி டீச்சர். எனக்க பேப்பர் முழுக்க வாசிச்சிட்டு, எனக்கும் அதையே வைங்க மைனின்னு ஒரே பிடிவாதம். எத்தன தடவை முடியாதுன்னு சொன்னேன் சார். சுண்ணாம்பு வைக்கேன்னு சொன்னேன், கேக்கல்ல. மருந்துக்கு இலை பறிச்சுத் தந்ததே இவதான் சார். வீட்டுல நாத்தூனார் ஒண்ணு சொன்னா மருமவ என்ன செய்ய முடியும்?"

அழுதுகொண்டே சொன்னாள். நிஜமான கண்ணீர். கிணற்றடியில் என்னோடு அழுதபோது வந்த அதே கண்ணீர். ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. என் கண்ணைக்கூட ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் தொடர்ந்தாள்.

துறைத் தலைவர் மெல்ல என் பக்கம் திரும்பினார். அவர் முகத்திலிருந்த அந்தக் 'கஷ்டம்' போய்விட்டிருந்தது.

"படிச்ச ஆள், டீச்சர் வேற. சொந்தம்னு சொல்லி ஒரு ஸ்டூடண்டை இப்படி நெருக்கலாமா? இவங்க படிப்பு போயிருந்தா என்ன செய்வீங்க? இவங்க சொல்றது சரிதானே?"

ஒரே வார்த்தையில் எல்லாவற்றையும் உடைத்துப்போட்டிருக்கலாம். நான் காப்பாற்ற வந்திருந்தேன். அதுவரை காத்திருக்கும் அளவுக்குக்கூட அவள் என்னை நம்பவில்லை. என் மேல் ஏறி நின்று தப்பித்துக்கொண்டாள். ஆனால் இல்லை என்று சொன்னால் அவள் பொய்க்காரி, படிப்பு போகும், அண்ணன் வாழ்க்கை என்ன ஆகும், வீட்டில் அம்மா கதவோரத்தில் நிற்கிறாள்.

"ஆமா சார்" என்றேன். அது போதவில்லை போலிருந்தது. அவர் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார். "தப்புதான். மன்னிச்சிருங்க."

என் பல்லைக் கறுக்கவைத்தவள் பக்கத்தில் நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டிருக்க, நான் மன்னிப்புக் கேட்டேன். எக்ஸ்ரேக்களை ஆராய்ச்சியில் சேர்க்கக் கூடாது, இனி இப்படி நடக்கக் கூடாது என்று அவளை எச்சரித்து அனுப்பிவிட்டார்.

வெளியே வராந்தாவில் வந்ததும் மைனி ஒரு பெரிய மூச்சு விட்டாள். "எனக்கு அந்த நேரத்துல வேற ஒண்ணும் தோணல்ல மக்கா. நீ சம்மதிச்சேன்னு மட்டும் சொன்னா, பின்ன அனுமதி இல்லாம எதுக்கு வச்சன்னு எங்கிட்ட கேப்பாரு" என்றாள். பிறகு, "வா, டீ குடிப்போம்" என்றாள். நான் குடிக்கவில்லை. தனியாக வேறு பஸ் பிடித்து வந்தேன்.

அவள் படிப்பை முடித்தாள். அண்ணன் ஊருக்கே திரும்பிவந்தான். தக்கலையில் கிளினிக் போட்டார்கள். அங்கே தனியாகக் குடித்தனம் வைத்தார்கள். நல்ல டாக்டர் என்று பேர். நான் நாகர்கோவிலில் முகம் தெரியாத ஒரு டாக்டரிடம் போய் அந்தப் பல்லுக்கு உறை போட்டுக்கொண்டேன். அவர் ஒவ்வொரு தடவையும் என்ன செய்யப்போகிறார் என்று சொல்லி, செய்யட்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் செய்தார். எனக்கு ஒவ்வொரு தடவையும் அழுகை வந்தது. வலிக்கிறதா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

போன வருஷமோ அதற்கு முந்தின வருஷமோ, குலசேகரத்தில் ஒரு கல்யாண வீடு. பந்தியில் அம்மாவும் நானும் பக்கத்துப் பக்கத்து இலையில். எதிரே இருந்த தூரத்துச் சித்தி ஒருத்தி என் வாயைக் கூர்ந்து பார்த்துவிட்டு, உறையின் நிறம் மற்றப் பல்லோடு ஒட்டவில்லையே, என்ன ஆச்சு என்று கேட்டாள்.

அம்மா பப்படத்தை நொறுக்கிக்கொண்டே சொன்னாள். "எல்லாம் இவளுக்க பிடிவாதம். புதுசா என்னவோ மருந்து, அதையே வையின்னு நின்னா. மருமவ வேண்டாம் வேண்டாம்னு தலபாடா அடிச்சுகிட்டா. கேட்டாத்தானே?"

நான் இலையை மடித்தேன். வெளியே வந்ததும் அம்மாவை ஓரமாக அழைத்துக் கேட்டேன்.

"உனக்கு உள்ளது தெரியாதா அம்மா? கிணத்தடியில நடந்தது எல்லாம் அன்னைக்கே உங்கிட்ட சொன்னேன்லா? நீ வயித்துல அடிச்சுகிட்டு அழல்லியா?"

அம்மா என்னை ஏறிட்டுப் பார்த்தாள். நடிக்கிறாளா என்று தேடினேன். இல்லை. என் பேச்சு அவளுக்கு உண்மையாகவே புரியவில்லை.

"நீதானே ஏட்டி அந்தச் சாருக்க முன்னால உனக்க வாயால ஆமான்னு சொன்ன?" என்றாள். பிறகு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று என் கையைப் பிடித்து இழுத்தாள்.